ஆளை வை, இடத்தைப் பிடி: வொர்க்கர் பிளேஸ்மென்ட் ஓர் எளிய அறிமுகம்

போர்டு கேம்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே கேள்விப்படும் சொற்களில் ஒன்று 'வொர்க்கர் பிளேஸ்மென்ட்'. பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும். யூடியூப் விமர்சனங்களில் முதல் நிமிடத்திலேயே வரும். ஆடுகிறவர்களிடம் கேட்டால், "வொர்க்கர் பிளேஸ்மென்ட் பிடிக்கும்னா இது உங்களுக்குப் பிடிக்கும்" என்பார்கள். கேரம், செஸ், மோனோபொலி வரை ஆடிப் பழகியவருக்கு இதிலிருந்து எதுவும் புரியாது. உண்மையில் இது ஐந்து நிமிடத்தில் புரிகிற விஷயம்தான். புரிந்துவிட்டால் இந்த வகையில் எந்தப் புது விளையாட்டைத் திறந்தாலும் பாதி விதிகள் ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருக்கும்.

பலகையில் பல இடங்கள் வரையப்பட்டிருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பலன். ஓரிடத்தில் மரம் கிடைக்கும், இன்னோரிடத்தில் வயல் உழலாம், வேறோரிடத்தில் வீடு கட்டலாம். உங்கள் கையில் இரண்டு மூன்று மரப் பொம்மைகள் இருக்கும். அவைதான் உங்கள் ஆட்கள். உங்கள் முறை வந்ததும் ஓர் ஆளை ஓரிடத்தில் வைக்கிறீர்கள், அந்த இடத்தின் பலனை எடுத்துக்கொள்கிறீர்கள். அடுத்தவர் தன் ஆளை வைக்கிறார். இப்படியே சுற்றி வந்து எல்லோரிடமும் ஆட்கள் தீர்ந்ததும், அவரவர் ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள். நீங்கள் ஆள் வைத்த இடத்தில் அந்தச் சுற்று முடியும்வரை வேறு யாரும் வைக்க முடியாது.

அந்தக் கடைசி விதியில்தான் விளையாட்டே இருக்கிறது. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்கள் இல்லையா, அதே நியாயம். துண்டு விழுந்துவிட்டால் அது அவருடைய சீட். மற்றவர்கள் வேறு சீட் தேட வேண்டும், அல்லது அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

செஸ்ஸில் எதிராளியின் காயை வெட்டுகிறோம். இங்கே யாரும் யாருடைய ஆளையும் வெட்டுவதில்லை, யாருடைய வயலையும் யாரும் எரிப்பதில்லை. அதனால் "ஆளுக்கொரு மூலையில் தனித்தனியா ஆடுற மாதிரி இருக்கு" என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோருக்கும் தேவைப்படும் ஒரே ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிற பதற்றம் செஸ்ஸில் ராஜாவுக்கு 'செக்' விழும்போது வருகிற பதற்றத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. இங்கே அடிதடி இல்லை, நெருக்கடி உண்டு.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ரிச்சர்ட் பிரீஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் 1998-ல் வெளியிட்ட 'கீடம்' என்ற விளையாட்டைத்தான் பெரும்பாலும் முன்னோடியாகச் சொல்வார்கள். மறுவருடமே நெதர்லாந்தின் ஸ்பிளாட்டர் நிறுவனத்திடமிருந்து 'பஸ்' என்ற விளையாட்டு வந்தது. அதிலும் இதே கரு இருந்தது. ஆனால் பரவலாக எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது 2005-ல் வந்த 'கேலஸ்'. வில்லியம் அட்டியா என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது. பிரான்ஸ் மன்னர் ஒருவருக்குக் கோட்டை கட்டும் கதை. அதில் ஒரு சாலை நெடுகக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டே போகும், அவற்றில் உங்கள் ஆட்களை வைக்க வேண்டும். சும்மா வைக்க முடியாது, ஒவ்வோர் ஆளுக்கும் காசு கொடுக்க வேண்டும். அந்தச் சுற்றில் 'போதும்' என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் கூடக் கூட, மீதி இருப்பவர்களுக்கு ஆள் வைக்கும் செலவும் கூடும். இதோடு சாலையில் ஓர் அதிகாரியும் நடமாடுவார். காசு கொடுத்து அவரைப் பின்னால் நகர்த்திவிட்டால், அவரைத் தாண்டி நிற்கும் கட்டடங்களில் ஆள் வைத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. இடம் பிடித்தும் பலன் கிடைக்காமல் போகிற இந்தக் கொடுமையால், இன்றும் கேலஸைக் கொஞ்சம் பயத்தோடுதான் பலர் பேசுவார்கள்.

அதன்பின் 2007-ல் ஜெர்மனியிலிருந்து ஊவே ரோசன்பெர்க்கின் 'அக்ரிகோலா' வந்தது. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓர் ஏழை விவசாயத் தம்பதியின் கதை. ஜெர்மனியின் புகழ்பெற்ற 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதுக் குழு 2008-ல், கடினமான விளையாட்டு என்ற பிரிவில் இதற்கென்றே ஒரு சிறப்பு விருது கொடுத்தது. வொர்க்கர் பிளேஸ்மென்ட் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

ஆரம்பத்தில் உங்களிடம் இரண்டே பேர், இரண்டு அறை கொண்ட ஒரு மர வீடு, கொஞ்சம் சாப்பாடு. மொத்தம் 14 சுற்றுகள். 4, 7, 9, 11, 13, 14-ஆம் சுற்றுகள் முடிந்ததும் அறுவடை. ஒவ்வோர் அறுவடையிலும் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு உணவு கொடுத்தாக வேண்டும். குறைகிற ஒவ்வோர் உணவுக்கும் ஒரு பிச்சைச் சீட்டு, சீட்டுக்கு மூன்று மதிப்பெண் நஷ்டம். அறுவடைகளுக்கு இடையிலான இடைவெளி போகப்போகக் குறுகுவதைக் கவனியுங்கள். முதல் அறுவடைக்கு நான்கு சுற்று அவகாசம். கடைசி அறுவடைக்கு ஒரே ஒரு சுற்று.

பலகையில் காடு என்று ஓர் இடம். அங்கே சுற்றுக்கு மூன்று மரம் வந்து சேரும். யாரும் போகாவிட்டால் அடுத்த சுற்றில் ஆறு, அதற்கடுத்து ஒன்பது. நாணல் கரையில் சுற்றுக்கு ஒன்று சேரும். மீன்பிடிக்கும் இடத்திலும் சுற்றுக்கு ஓர் உணவு சேரும். ஆக ஓர் இடத்தை எல்லோரும் ஒதுக்க ஒதுக்க அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். யாருக்கும் வேண்டாத இடம்கூட இரண்டு சுற்று கழித்து யாரோ ஒருவர் கையை இழுத்துவிடும்.

இப்போது இரண்டு பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது சுற்று. முதலில் ஆட வேண்டியது நீங்கள். உங்கள் கையில் ஆறு மரம், இரண்டு நாணல், இரண்டு உணவு. மர வீட்டில் புது அறை கட்ட ஐந்து மரமும் இரண்டு நாணலும் வேண்டும், ஆக அறை கட்டத் தயாராக இருக்கிறீர்கள். மீன்பிடிக்கும் இடத்தில் இதுவரை யாரும் போகாததால் மூன்று உணவு சேர்ந்திருக்கிறது. அடுத்த சுற்று முடிந்ததும் அறுவடை, நான்கு உணவு வேண்டும். எதிராளியிடம் ஒரு மரம்கூட இல்லை. உணவும் மூன்றுதான், அவருக்கும் ஒன்று குறைகிறது. உங்களிடம் இரண்டு ஆட்கள். முதல் ஆளை எங்கே வைப்பீர்கள்?

புதிதாக ஆடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் அறை கட்டத்தான் போவார்கள். இரண்டு சுற்றாகச் சேர்த்தது அதற்குத்தானே. கட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் எதிராளி மீன் பக்கம் போயிருப்பார். பழகியவர் முதலில் மீனை எடுப்பார். ஏனென்றால் அக்ரிகோலாவில் ஓர் இடத்தின் வேலையைச் செய்ய முடியாதவர் அங்கே ஆள் வைக்கக் கூடாது. எதிராளியிடம் மரம் இல்லை. அவரால் அறையும் கட்ட முடியாது, அதே இடத்தில் கட்டக்கூடிய தொழுவமும் கட்ட முடியாது. இடையில் அவர் காட்டுக்குப் போய் மரம் எடுத்தாலும் அதற்கு ஓர் ஆள் செலவாகிவிடும், அதற்குள் உங்கள் முறை வந்துவிடும். அறை கட்டும் இடம் உங்களுக்காகக் காத்திருக்கும். மீன் காத்திருக்காது.

வொர்க்கர் பிளேஸ்மென்ட்டில் நான் யாருக்காவது ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். 'எனக்கு எது அதிகம் தேவை' என்று பார்ப்பதைவிட, 'என் அடுத்த முறை வருவதற்குள் எது போய்விடும்' என்று பாருங்கள். இதற்கு உங்கள் முன்னாலிருக்கும் பலகையைப் பார்த்தால் போதாது, மற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். யாரிடம் விதை இருக்கிறது, யார் வீட்டில் அறை காலியாக இருக்கிறது, யார் சாப்பாட்டுக்குத் திண்டாடுகிறார். இதைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த விளையாட்டு வேறாகத் தெரியும். ஆளுக்கொரு மூலையில் ஆடுகிற மாதிரி தெரிந்ததெல்லாம் மறைந்துவிடும்.

அப்படியானால் எதிராளிக்கு வேண்டியதை அவருக்கு முன்னால் போய் மறித்துவிடலாமே என்று தோன்றும். இதை 'பிளாக் பண்றது' என்பார்கள். இரண்டு பேர் ஆடும்போது இது நல்ல உத்தி, அவருக்கு நஷ்டம் என்றால் அது உங்களுக்கு லாபம்தான். நான்கு பேர் ஆடும்போது கணக்கு மாறிவிடும். நீங்கள் உங்கள் ஆள் ஒன்றைச் செலவழித்து ஒருவரை மறித்தால், செலவு உங்களுக்கு, நஷ்டம் அவருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் மற்ற இருவருக்குத்தான் ஆதாயம். ஆகவே உங்களுக்கும் கொஞ்சமாவது பயன்படுகிற இடமாகப் பார்த்து மறிப்பதுதான் புத்திசாலித்தனம். வேண்டாத இடத்தில் வீம்புக்கு ஆள் வைப்பவர் ஜெயித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

யார் முதலில் ஆடுவது என்பதும் இங்கே சின்ன விஷயம் இல்லை. முதல் ஆளுக்கு எல்லா இடமும் திறந்திருக்கும், கடைசி ஆளுக்கு மிச்சம்தான். அதனால் பல விளையாட்டுகளில் முதலில் ஆடும் உரிமையே ஓரிடமாக இருக்கும். அதைப் பிடிக்கவும் ஓர் ஆளைச் செலவழிக்க வேண்டும். அக்ரிகோலாவில் முதல் ஆட்டக்காரரிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் முறை போகும். ஆகவே அந்த உரிமையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால் நீங்கள் செலவே இல்லாமல் எப்போதும் இரண்டாவது. எங்கே உட்காருகிறோம் என்பதுகூட ஆட்டத்தைத் தொடும்.

அடுத்து, ஆட்களைப் பெருக்குவது. இரண்டே பேரோடு கடைசிவரை ஓட்டினால் 14 சுற்றில் உங்களுக்கு 28 வேலை. ஐந்தாவது சுற்றில் ஒரு குழந்தை பிறந்தால், ஆறிலிருந்து அது வேலைக்கு வரும், கூடுதலாக ஒன்பது வேலை கிடைக்கும். இவ்வளவு பெரிய லாபம் வேறெதிலும் இல்லை. குழந்தை பிறக்க வீட்டில் ஓர் அறை காலியாக இருக்க வேண்டும், அதனால்தான் எல்லோரும் அறை கட்டத் துடிக்கிறார்கள். ஆனால் பிறந்த குழந்தைக்கும் சாப்பாடு போட வேண்டும். ஆள் கூடினால் வேலை கூடும், வயிறும் கூடும். இந்த இழுபறி வொர்க்கர் பிளேஸ்மென்ட் விளையாட்டுகள் பலவற்றில் ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

2008-ல் வந்த 'ஸ்டோன் ஏஜ்' இதை இன்னும் இலகுவாகச் செய்கிறது. கற்கால மனிதர்கள், ஆளுக்கு ஐந்து பேரோடு தொடக்கம். ஒரு குடிசை உண்டு, அங்கே இரண்டு பேரை அனுப்பினால் மூன்று பேராகத் திரும்புவார்கள். மரம், களிமண், கல், தங்கம் தேடிப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு தாயக்கட்டை. உருட்டி வந்த கூட்டுத்தொகையை மரத்துக்கு மூன்றால், களிமண்ணுக்கு நான்கால், கல்லுக்கு ஐந்தால், தங்கத்துக்கு ஆறால் வகுக்க வேண்டும். வந்த எண்தான் உங்கள் வரும்படி. அதிர்ஷ்டத்துக்கும் இடம் இருப்பதால் குழந்தைகளோடு ஆட ரொம்ப நன்றாக இருக்கும், வகுத்தல் கணக்கும் தானாகப் பழகிவிடும். இதில் வேட்டைக்குப் போகிற இடத்தில் மட்டும் எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம். சாப்பாட்டு வழியை யாரும் யாருக்கும் அடைத்துவிட முடியாது. முதல்முறை ஆடுகிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஒருவர் வைத்தால் மற்றவர் வைக்கக் கூடாது என்ற மூல விதியைத் தளர்த்தியும் முறுக்கியும் பலவிதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வந்த 'விட்டிகல்ச்சர்' திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்கிற விளையாட்டு. அதில் ஒவ்வொருவரிடமும் ஒரு பெரிய ஆள் உண்டு, இடம் நிரம்பியிருந்தாலும் அவர் மட்டும் உள்ளே நுழையலாம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனி இடங்கள். கோடையில் செலவான ஆள் குளிர்காலத்துக்கு இருக்க மாட்டார். அந்த ஒரே ஆளைப் பெரிய திண்டாட்டமான நேரத்துக்கென்று ஒதுக்கி வைக்கலாமா, இப்போதே இறக்கலாமா என்ற யோசனை ஒவ்வொரு வருடமும் வரும். 'ரைடர்ஸ் ஆஃப் த நார்த் சீ'யில் உங்கள் ஆள் என்று நிரந்தரமாக யாரும் இல்லை. கையிலிருக்கும் ஒருவரை ஓரிடத்தில் வைத்துப் பலனை எடுக்க வேண்டும், பிறகு வேறோரிடத்தில் நிற்கும் ஒருவரைத் தூக்கி அந்தப் பலனையும் எடுக்க வேண்டும். இங்கே ஆள் நிற்கிற இடமும் பயன்படுகிறது, காலி இடமும் பயன்படுகிறது. 2020-ல் வந்த 'ட்யூன்: இம்பீரியம்' இந்த முறையைச் சீட்டுக்கட்டோடு சேர்த்துவிட்டது. கையில் வந்த சீட்டு எங்கே அனுமதிக்கிறதோ அங்கேதான் ஆளை அனுப்ப முடியும்.

எதையெல்லாம் வொர்க்கர் பிளேஸ்மென்ட் என்று சொல்லக் கூடாது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'கார்கசோன்' விளையாட்டிலும் சின்ன மர மனிதர்களைப் பலகையில் வைக்கிறோம். ஆனால் அங்கே அவர்கள் ஒரு நகரத்துக்கோ சாலைக்கோ உரிமை கொண்டாடிக் கடைசியில் மதிப்பெண் வாங்கித் தருகிறார்கள். வைத்ததும் ஒரு வேலை நடந்து, சுற்று முடிந்ததும் கைக்குத் திரும்புகிற கதை அங்கே இல்லை. 'போர்ட்டோ ரிக்கோ'விலும் கட்டடங்களில் ஆட்களை நிரப்புகிறோம், ஆனால் அவை உங்கள் சொந்தக் கட்டடங்கள், போட்டியே கிடையாது. பொது இடம், அங்கே ஒரு வேலை, ஒருவர் வைத்தால் மற்றவருக்கு வழி அடைபடுவது அல்லது செலவு கூடுவது: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் பெயர் பொருந்தும். ஆளுக்குப் பதில் தாயக்கட்டையை வைத்தாலும் இதே குடும்பம்தான், அதை 'டைஸ் பிளேஸ்மென்ட்' என்பார்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை 'ஸ்டோன் ஏஜ்' அல்லது 2012-ல் வந்த 'லார்ட்ஸ் ஆஃப் வாட்டர்டீப்'. பின்னது எட்டே சுற்று. யாரும் பசியால் வாடுவதில்லை, ஐந்தாவது சுற்றில் எல்லோருக்கும் ஓர் ஆள் கூடுதலாக வரும். நீங்கள் கட்டிய கட்டடத்தில் வேறொருவர் ஆள் வைத்தால் உங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்பதால், அடுத்தவர் இடம் பிடிப்பதைக்கூடச் சந்தோஷமாகப் பார்க்கலாம். அக்ரிகோலாவை முதல் விளையாட்டாக யாருக்கும் சொல்ல மாட்டேன். அது அருமையான விளையாட்டு, ஆனால் முதல் ஆட்டத்திலேயே பிச்சைச் சீட்டு வாங்கினவர் இரண்டாம் ஆட்டத்துக்கு வர யோசிப்பார். இரண்டு மூன்று இலகுவான விளையாட்டுகள் பழகிய பிறகு வாருங்கள், அப்போது அந்த நெருக்கடியே இனிக்கும்.

பெட்டியை எடுக்கும்போது எத்தனை பேர் ஆடலாம் என்று பார்ப்பதோடு நிற்காமல், உங்கள் வீட்டில் வழக்கமாக எத்தனை பேர் உட்காருவீர்களோ அந்த எண்ணிக்கைக்கு எத்தனை இடம் திறக்கிறது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். இடங்கள் அப்படியே இருந்து ஆட்கள் குறைந்தால் போட்டி செத்துவிடும். நல்ல வடிவமைப்பாளர்கள் இதற்கு வழி செய்திருப்பார்கள். விட்டிகல்ச்சரில் இரண்டு பேர் என்றால் ஒவ்வொரு வேலைக்கும் ஓரிடம், மூன்று நான்கு பேர் என்றால் இரண்டு, ஐந்து ஆறு பேர் என்றால் மூன்று. ஸ்டோன் ஏஜில் குடிசை, வயல், கருவி செய்யும் இடம் என்று மூன்று முக்கிய இடங்கள் உண்டு. இரண்டு அல்லது மூன்று பேர் ஆடும்போது ஒரு சுற்றில் அவற்றில் இரண்டைத்தான் பயன்படுத்தலாம். அப்படி ஓர் ஏற்பாடு விதிப்புத்தகத்தில் இருந்தால், இருவர் மட்டும் ஆடும் வீட்டுக்கும் தயங்காமல் வாங்கலாம்.